இரும்புக்கு மட்டும் பொறுமை

அவர் ஊரில் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டுத்தான் இலங்கைக்குக் கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எப்படிக் கொன்றார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. கடப்பாரையால் என்றாள் அத்தை. வெறுங்கையால்தான் என்று சமையற்காரர் உறுதியாகச் சொன்னார். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு கடப்பாரை எதற்கு என்பது அவருடைய கேள்வி. அப்பா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளமாட்டார். ஆனாலும் எங்கள் லொறி டிரைவரான அவரோடு பேசும்போது மட்டும், கை வீசினால் எட்டாத தொலைவில் நின்றுகொண்டே பேசுவார். அதிலிருந்து அவரும் நம்பினார் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் அரிசி மொத்த வியாபாரம். கடைக்குப் பின்புறம் முற்றம், முற்றத்தைச் சுற்றி மூட்டைக் கொட்டகை, அதற்கு மேல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் அரிசி நெடுங்காலம் மாட்டு வண்டிகளில்தான் போயிற்று. பதுளைக்கு ரயில் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாட்களில், சீமைக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடமிருந்து அப்பா பழைய லொறி ஒன்றை வாங்கினார். லொறியோடு அவரும் வந்து சேர்ந்தார். லொறியின் சத்தம் வேறு எவருக்கும் புரியாது என்று துரை சொல்லி அனுப்பியிருந்தாராம். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்கு அவர் ‘டிரைவர்’; எனக்கு ‘டிரைவர் அண்ணன்’. பெயர் சொல்லி அழைக்கும் துணிவு அந்த முற்றத்தில் எவருக்கும் இருந்ததில்லை.

அவருடைய பொறுமையைத்தான் நான் முதலில் பார்த்தேன். துருவேறி இறுகிப்போன மரையாணி ஒன்றின் மேல் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, அதன் எதிரே குந்தியபடி ஒரு முற்பகல் முழுவதும் அவர் காத்திருந்தார். இடையிடையே மரை திருகும் சாவியை வைத்து இலேசாகத் திருப்பிப் பார்ப்பார்; அசையாவிட்டால் மறுபடியும் எண்ணெய் விடுவார்.

“சுத்தியலால ஒண்ணு போட்டா கழண்டிராதா அண்ணே?” என்று கேட்டேன்.

“போட்டா மரை அழிஞ்சு போயிரும் பாப்பா. அதுக்கா மனசு வந்து விடணும். நாமதான் காத்துக் கிடக்கணும்” என்றார். நோயாளியின் தலைமாட்டில் இருப்பவர் பேசுவது போல அவ்வளவு தணிந்த குரல்.

அந்த மரை கழன்று வந்த அதே நாளில், மூட்டை சுமக்கும் ஒருவன் இளைப்பாறுவதற்காக லொறிச் சக்கரத்தின் மேலிருந்த மட்காட் தகரத்தின் மீது சாய்ந்தான். “எந்திரி” என்றார் இவர். அவனுக்குக் காதில் விழவில்லை. இரண்டாம் முறை அவர் சொல்லவில்லை, அறைந்தார். அவனுடைய பல் ஒன்று தெறித்துத் திறந்திருந்த அரிசி மூட்டைக்குள் விழுந்தது. அந்த மூட்டையை முறத்தில் கொட்டி அத்தையும் வேலைக்காரப் பெண்களும் பொழுது சாயும்வரை பல்லைத் தேடினார்கள். “கிடைக்கலைன்னா எந்தத் துரை வீட்டுச் சோத்துல கிடந்து கடிபடப் போகுதோ” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பல் கிடைத்தது. அறைந்தவர் அதற்குள் லொறியின் அடியில் படுத்து ஏதோ ஒரு கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “இரும்பு பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்.” எந்த வழக்கையும் இந்த ஒரு வரியில் முடித்துவிடுவார். லொறியில் ஒரு கோளாறு என்றால் முதலில் மனிதனைத்தான் பிடிப்பார். இரும்பின் முறை கடைசியில்தான் வரும். ஹாலிஎலப் பாதையில் ஒரு வண்டிக்காரன் வழிவிடவில்லை என்று ஒருமுறை சண்டை. இவர் இறங்கிப்போய், முதலில் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்து நிழலில் கட்டினாராம். பிறகுதான் வண்டிக்காரனின் குடுமியைப் பிடித்து வாய்க்கால்வரை இழுத்துச் சென்று, அவன் எழுந்து நடக்க இரண்டு மாதம் ஆகும்படி அடித்தாராம். மாடுகளை நிழலில் கட்டியதை வியந்து சொன்னவர்களே அந்த அடியையும் வியந்து சொன்னார்கள். நான் அவரை நேசித்தேன். அவர் முற்றத்துக்குள் நுழையும் சத்தம் கேட்டதும் மாடிப்படியேறி ஒளிந்துகொண்டதும் உண்மை. இரண்டும் ஒரே வயதில் எனக்குள் இருந்தன.

அவருக்குத் துணையாக லொறியில் போனவர் மாரிமுத்து. கிளீனர் வேலை. நாற்பது வயது கடந்தவர். ஹாலிஎலக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மனைவி பேச்சி அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருந்துகொண்டு கொழுந்து பறித்தாள். மாரிமுத்துவுக்கு எதையும் விரைவாகச் சொல்ல வராது. ஏதேனும் கேட்டால் தொண்டையைச் செருமி, துண்டை உதறித் தோளில் போட்டு, பிறகுதான் வாய் திறப்பார். அந்தச் செருமலுக்கும் சொல்லுக்கும் இடையில் கிடந்த சிறு பொழுதைத்தான் டிரைவரால் தாங்க முடியவில்லை. மாரிமுத்து வாங்கிய அடிகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில் விழுந்தவை.

லொறியின் பழைய பெற்றோல் டாங்கி சிறியது. மலையேறி இறங்குவதற்குப் போதாது என்று கடைவீதித் தகரக்காரரிடம் பெரிதாக ஒன்று செய்வித்து, ஆசனத்துக்குப் பின்னால் பொருத்தியிருந்தார்கள். அதன் கழுத்து குறுகலானது, வளைந்தது. கழுத்துக்குப் பக்கத்தில் பென்சில் பருமனில் ஒரு பித்தளைக் குழாய் வளைந்து வந்து, ஆசனப் பலகைக்குப் பின்னால் மறைவாக வாய் திறந்திருக்கும். அது எதற்கு என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னார்:

“டாங்கி மூச்சு விடுற குழாய் பாப்பா. எண்ணெய் உள்ள போகணும்னா உள்ள இருக்கிற காத்து வெளிய வரணும்ல? உன் வாயில சோத்தை அடைச்சு மூக்கையும் பொத்தினா என்ன ஆவ?”

பெற்றோல் அப்போது டின்களில் வரும். டாங்கியின் கழுத்தில் புனலை வைத்து, புனலுக்குள் பதனிட்ட மெல்லிய தோல் ஒன்றை விரித்து, அதன் வழியே ஊற்றவேண்டும். தோல் பெற்றோலை விடும். தண்ணீர் கலந்திருந்தால் அதைத் தடுத்து நிறுத்திக்கொள்ளும். டாங்கி காலியாக இருந்தால் மூன்று டின் பிடிக்கும். ஊற்றுவது மாரிமுத்துவின் வேலை.

எங்கள் குடும்பத்தில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த வீட்டிலும் நான் அதைக் கண்டதில்லை. கருவிகளுக்குப் பொட்டு வைப்பது எல்லோரும் செய்வது. நாங்கள் அவற்றின் வாயையும் சந்தனத்தால் அடைப்போம். பூட்டின் துவாரம், அரிசி அளக்கும் படியின் விளிம்பிலுள்ள ஓட்டை, எண்ணெய்ப் புட்டியின் மூக்கு, எல்லாவற்றையும். அன்று ஒரு நாள் அவை உண்ணவும் வேண்டாம், பேசவும் வேண்டாம், ஓய்வெடுக்கட்டும் என்பது பொருள். மறுநாள் காலையில் வீட்டுப் பெண்பிள்ளை ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வாய் திறந்து விடவேண்டும். அந்த ஆண்டு லொறிக்குச் சந்தனம் வைக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது. விளக்குகள், ஒலிக்குழல், முன்பக்கத்தில் முடுக்கும் கைப்பிடி செருகும் துவாரம் என்று தேடித் தேடி வைத்தேன். பலகைக்குப் பின்னால் கையை விட்டு, மூச்சுக் குழாயின் வாயிலும் ஒரு கட்டிச் சந்தனத்தை அழுத்தினேன். மறுநாள் காலை எல்லாவற்றையும் துடைத்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றை மறந்துபோனேன்.

அடுத்த வாரத்திலிருந்து டாங்கி எண்ணெயை ஏற்க மறுத்தது. ஊற்றினால் மடக்கென்று ஒரு விழுங்கு, பிறகு நின்றுவிடும். சிறிது பொறுத்துக் குமிழி விட்டு எதிர்த்து வந்து மாரிமுத்துவின் முகத்தில் தெறிக்கும். கால் மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

“என்னடா, குழந்தைக்குப் பால் புகட்டுறியா?” என்று டிரைவர் கத்துவார். முதல் நாள் புனலில்தான் கோளாறு என்று புதுப் புனல் வாங்கினார்கள். மாற்றமில்லை, மாரிமுத்துவுக்கு ஓர் அறை. மறுநாள் தோலைக் கழுவி உலர்த்தவில்லை என்று ஓர் அறை. அதற்கு மறுநாள் லொறியைச் சரிவில் நிறுத்தி, கழுத்து மேலே வரும்படி வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் டாங்கி விக்கிற்று.

மாரிமுத்து தொண்டையைச் செருமினார். “அண்ணே, புனல்ல ஒண்ணும் இல்லீங்க. உள்ளுக்குள்ள காத்து நின்னுக்கிட்டு எதிர்க்குதுங்க.”

“நீ எனக்குப் பாடம் நடத்துறியா?” புறங்கையால் ஓர் அடி. மாரிமுத்துவின் உதடு கிழிந்தது. இரத்தத்தை ஒரு பக்கம் துப்பிவிட்டு அவர் டின்னை மறுபடியும் தூக்கினார். உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

அந்த வாரக் கடைசியில் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அரிசி போகவேண்டியிருந்தது. காலையில் இரண்டாவது டின் முடிவதற்குள்ளேயே எண்ணெய் கழுத்துவரை ஏறி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, “ரொம்பிருச்சு, ஏறு” என்றார். “மூணாவது டின் அப்படியே இருக்குங்க” என்று மாரிமுத்து சொல்லி முடிப்பதற்குள் லொறி புறப்பட்டுவிட்டது. போய்ச் சேர்ந்தார்கள். திரும்பும் வழியில், ஹப்புத்தளை ஏற்றத்தில், மழையில், லொறி நின்றது. டாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

கழுத்துவரை நிரம்பியதை அவர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். இரும்பு பொய் சொல்லாது. அப்படியானால் அவர் சாப்பிடப் போன வேளையில் லொறியோடு தனியாக இருந்த மனிதன்தான் எண்ணெயை இறக்கி விற்றிருக்கவேண்டும்.

வழியில் போன காரிலிருந்து ஒரு டின் வாங்கி ஊற்றிக்கொண்டு மறுநாள் பிற்பகல் வந்து சேர்ந்தார்கள். முற்றத்தில் லொறி நின்றதும் டிரைவர் இறங்கி, முன்புறத்திலிருந்து லொறியை முடுக்கும் இரும்புக் கைப்பிடியை உருவினார். மாரிமுத்து அரிசிச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“எவன்கிட்ட வித்த?”

மாரிமுத்து தொண்டையைச் செருமினார்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியைத் தடுக்க மாரிமுத்து வலக் கையைத் தூக்கினார். கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை மிதித்தால் வரும் சத்தம் கேட்டது. மாடிச் சன்னலில் நின்ற எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று உடனே விளங்கவில்லை. பிறகு அவருடைய முழங்கைக்குக் கீழே இன்னொரு மடக்கு இருப்பதைக் கண்டேன். விழுந்தவரை டிரைவர் உதைத்தார். விலாவில், இடுப்பில், மறுபடி விலாவில்.

“சாமி சத்தியமா எடுக்கலீங்க! மூணாவது டின் கொட்டாயில இருக்கு, போய்ப் பாருங்க!”

“அதுல தண்ணி ஊத்தி வச்சிருப்ப, களவாணி நாயே!”

கொட்டகை இருபது அடி தூரத்தில் இருந்தது. முற்றத்தில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை. “செத்துத் தொலைஞ்சிரப் போறான், விடுங்க டிரைவர்” என்று அப்பா எட்ட நின்று சொன்னார். “நாளைக்குப் பொலிஸ்ல சொல்லி ஒப்படைச்சிரலாம்.” மாரிமுத்துவைச் சாக்கில் கிடத்தி, மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். களவு உறுதியானால் சிறை. சிறைக்குப் போனவனுடைய மனைவியை எந்தக் கங்காணியும் லயத்தில் வைத்திருக்கமாட்டான். எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் திருடினார் என்றே பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஊற்ற ஆள் இல்லை. டிரைவரே கொட்டகையிலிருந்து மூன்றாவது டின்னை எடுத்து வந்தார். தோலை விரித்து ஊற்றினார். தோலில் ஒரு துளித் தண்ணீரும் நிற்கவில்லை; அத்தனையும் சுத்தமான பெற்றோல். அவர் கை நின்றது. பிறகு டாங்கி அவருக்கும் விக்கிக் காட்டியது. குமிழி விட்டு அவருடைய முகத்திலும் உமிழ்ந்தது. அவர் டின்னைத் தரையில் வைத்தார். மரைக்கு எதிரே உட்கார்ந்தது போல டாங்கிக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய பொறுமை அப்போதுதான், ஒரு கை முறிந்த பிறகு, தொடங்கியது.

டாங்கியைக் கழற்ற அவருக்குப் பாதிப் பொழுது பிடித்தது. தோளில் சுமந்து வந்து வெயிலில் வைத்தார். கழுத்தில் வாய் வைத்து ஊதினார். காது கொடுத்துக் கேட்டார். பிறகு பித்தளைக் குழாயில் வாய் வைத்து ஊதினார்; கன்னம் புடைத்தது, காற்று போகவில்லை. மெல்லிய கம்பி ஒன்றை விட்டுச் சுண்டினார். மஞ்சளாக, கல்லாக இறுகிய ஒன்று அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தார்.

அவர் நிமிர்ந்து நேராக மாடிச் சன்னலைப் பார்த்தார். என் பல்லும் எங்கேனும் தெறிக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள போ பாப்பா” என்றார்.

அப்பா கடையிலிருந்து வந்து, “என்ன டிரைவர், கண்டுபிடிச்சாச்சா?” என்று கேட்டார். அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

“குளவி மண்ணுங்க முதலாளி. குழாயில கூடு கட்டியிருக்கு. அன்னைக்கு டாங்கி முழுசா ரொம்பலை. மாரிமுத்து எடுக்கலைங்க.”

“அப்ப பொலிசுக்கு...”

“வேண்டாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

அவர் போகத் தேவையிருக்கவில்லை. முற்றத்துக் கதவு வழியாகப் பேச்சி வந்துவிட்டாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல், செய்தி கேட்ட இடத்திலிருந்து அப்படியே மலையிறங்கி நடந்திருந்தாள். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. ஆஸ்பத்திரியில் கணவனைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது.

“எவன்டா அந்த டிரைவரு?”

“நாந்தான்.”

“எந்தக் கை?”

அவர் லொறியின் மட்காட் அருகே போய் நின்றார். எவன் சாய்ந்தாலும் பல்லைத் தெறிக்க வைத்த அதே மட்காட். வலக் கையை அதன் மேல் விரித்து வைத்தார்.

“ஏய் பொம்பளே, பொலிசைக் கூப்பிடுவேன்!” என்றார் அப்பா.

“நீங்க சும்மா இருங்க முதலாளி.” குரல் தணிந்திருந்தது.

பேச்சி கத்தியைத் திருப்பிப் பிடித்தாள். முதுகுப் பக்கத்தால் ஓங்கி அடித்தாள். தகரம் குழிந்தது. அவர் கையை இழுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள்.

“ஒண்ணு எம் புருசன் கைக்கு. இன்னொண்ணு களவாணின்னு சொன்னதுக்கு.”

அவருடைய இரண்டு விரல்கள் திசை மாறிக் கிடந்தன. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. “போதுமா தாயி?”

“போதாது. நாளைக்கு விடியறதுக்குள்ள பெரட்டுல நின்னு வேலைக்குப் பேர் குடுக்கணும். அதான் விட்டுட்டுப் போறேன்.”

கத்தியைப் படங்கில் துடைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் சன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய் உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் கையை விரித்து வைத்தபோதும், முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவிலும் நேரம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு அவர் திருந்திவிடவில்லை. ஒரு மாதத்துக்குள் வேறொருவனை அறைந்தார், இடக் கையால். மாரிமுத்து திரும்பி வந்தபோது அவருடைய கை வளைந்தே கூடியிருந்தது. டின்னை ஒரு கையால் தூக்கமுடியாது. டிரைவர் தூக்கிப் பிடிக்க, மாரிமுத்து சரித்து ஊற்றினார். மாரிமுத்து தொண்டையைச் செருமும்போது மட்டும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு மனிதனுக்காக அவர் காத்திருந்ததை நான் பார்த்தது அந்த ஓர் இடத்தில்தான். என்னிடம் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. சந்தனத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. ஆயுத பூசை வந்தால் மறுநாள் காலை ஈரத் துணியை அவரே நனைத்து என் கையில் கொடுப்பார்.

எனக்குத் திருமணமாகிப் போன ஆண்டில் தெமோதரைப் பக்கம் நடந்த கைகலப்பு ஒன்றில் அவர் இறந்தார். நான்கைந்து பேர் சேர்ந்து மண்வெட்டிப் பிடியால் அடித்தார்களாம். அவர்களில் இருவர் எழுந்திருக்கவே இல்லையாம். ஊரில் அவர் யாரையேனும் கொன்றாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சென்ற தை மாதம் ஹாலிஎலக்கு மேலே அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாரிமுத்து இறந்து வெகுகாலமாயிற்று. பேச்சிக்குக் கண் மங்கிவிட்டது; யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். குளவி மண் அல்ல, என் சந்தனம் என்று சொன்னேன். ஆயுத பூசையிலிருந்து டிரைவர் அண்ணன் சன்னலைப் பார்த்ததுவரை ஒன்றும் விடாமல் சொன்னேன். பேச்சி பிடித்திருந்த கையை விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா, இந்தக் கையைத்தான் கேட்டிருப்பேன் சின்னம்மா” என்றார். “புள்ளைன்னு பாத்திருக்க மாட்டேன். அம்புட்டு வெறி எனக்கு. அது அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

பிறகு பேத்தியைக் கூப்பிட்டு எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

அன்று அந்த முற்றத்தில் இருந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது பேச்சியும் நானும் மட்டுமே.